மூன்று என்று சொல்லும்போதா, சொன்ன பிறகா?



ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கிய ஜெப வாரம். 1908-இல் ஆரம்பித்த வழக்கம் இது. "சபை ஐக்கியத்தில் அன்பின் பங்கு, இதுதான் தலைப்பு, எழுதிக் கொடுங்கக்கா" என்று நம் பத்திரிகைத் தம்பி கேட்டபோது, "ஐயரிடம் கேளுப்பா, நான் ஊசி போடுகிறவள்" என்றேன். "ஐயர் போன வருஷமே எழுதிட்டார்" என்றான். மறுக்க வேறு காரணம் இருந்தது. இந்தத் தலைப்பில் எழுத நம் சபையில் மிகவும் தகுதியில்லாத ஆள் நான்தான். அதையே எழுதினால் என்ன என்று பிறகு தோன்றியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் எங்கள் வார்டில் ஒரு முதியவர் இருந்தார். என் கை தன் மேல் படக்கூடாது என்பார். வந்த நாட்டுக்கே திரும்பிப் போ என்பார். ஒரே பகலில் மூன்று முறை அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறேன். அவருடைய டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன் என்பது வேறு கதை. மறுநாள் காலை ஏழரைக்கு அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்குத்தான் சம்பளம்.

அதே நான், அதே மாதங்களில், நம் சபையை விட்டுப் போன ஓர் அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு "ஸ்தோத்திரம்" சொல்லவில்லை. மூன்று வருடம்.

அந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் தூத்துக்குடிப் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிரில், ஊரில் தைத்த மெல்லிய ஸ்வெட்டரோடு கோவில் வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் நேரே கடைக்குக் கூட்டிப் போய் கோட்டு வாங்கிக் கொடுத்தவர். என் மகன் பிறந்தபோது பத்தியக் கறி கொண்டு வந்தவர். அவர் பேச்சு எனக்குப் பாதி புரியாது, என் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. அப்படியே நெருங்கிவிட்டோம்.

பிரிவு எப்படி வந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அப்போது ஓய்வுநாள் பள்ளியில் இருந்தீர்கள். நம்மிடத்தில் திருநெல்வேலி சி.எஸ்.ஐ., யாழ்ப்பாண ஆதீனம், மட்டக்களப்பு மெதடிஸ்ட், திருச்சி லுத்தரன், ஆங்கிலிக்கன் என்று எல்லாரும் உண்டு. ஊரில் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வாடகைக் கட்டடத்தில் தமிழ் கேட்டால் போதும் என்று சேர்ந்தவர்கள். நான்கைந்து வாலிபர் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க விரும்பினார்கள். குழந்தையில் பெற்றதை அவமதிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் மனம் நொந்தது. எங்கள் மனச்சாட்சியைக் கட்டிப்போடுகிறீர்கள் என்று மறுபக்கம். யாருடைய வாதம் சரி என்று இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு ஒரு கருத்து உண்டு, இன்றும் அது மாறவில்லை. பதினோரு குடும்பங்கள் போய், அரைமணி தூரத்தில் ஒரு பள்ளி மண்டபத்தில் நாலு மணிக்கு ஆராதனை தொடங்கினார்கள்.

அப்போது நான் கமிட்டிச் செயலர். போகிறவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவது என்று கமிட்டி முடிவு செய்தது. தட்டச்சு செய்தது நான். முடிவில், சத்தியத்தைத் தேடி அல்ல, தலைமை இருக்கையைத் தேடித்தான் போகிறீர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கமிட்டி சொன்ன குறிப்பில் அந்த வரி இல்லை. அது என்னுடையது. யாரும் அடிக்கவும் சொல்லவில்லை.

அக்கா போனார், அவருடைய அம்மா போகவில்லை. நாங்கள் எல்லோரும் "அன்ரி" என்று கூப்பிடுகிற அந்த அம்மா, "நான் பிறந்ததில இருந்து இப்பிடித்தான் கும்பிட்டனான், இனிப் புதுசாப் பழகேலாது" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டே முக்காலுக்கு நம் வாசலில் ஒரு நீலக் கார் வந்து நிற்கும். அன்ரி இறங்குவார். வரவேற்பில் நிற்கிற நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அக்கா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி நேரே ரோட்டைப் பார்ப்பார். நான் அன்ரியின் கைத்தடியைப் பார்ப்பேன். கார் தன் ஆராதனைக்குப் போய்விடும். அன்ரி என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு டாபி எடுத்துக் கொடுப்பார், சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.

இரண்டு வருடத்துக்கு முன் அக்டோபரில் அன்ரிக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் தெளிவு போகவில்லை. ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார். வந்த நாலாம் ஞாயிறே கோவிலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். இரண்டே முக்காலுக்கு நீலக் கார் வந்தது. இந்த முறை அக்கா இறங்கித்தான் ஆக வேண்டும். டிக்கியிலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். குனிந்து அன்ரியின் இடது கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

"அக்கா, அந்தக் கையைப் பிடிக்காதீங்க!"

மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இது. கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். ஸ்ட்ரோக்கில் விழுந்த கையைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்குப் பலம் இருக்காது. இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடாது. உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி இருப்பார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பலமில்லாத பக்கம் போனேன். அக்கா மறுபக்கம். அன்ரியின் கால் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். அக்கா "மூன்று" என்று கேட்டதும் தூக்கினார். நான் மூன்று சொல்லி முடித்து, அதன் பிறகு தூக்குவதாக இருந்தேன். அன்ரி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பவும் கார் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தவறு என்னுடையது. இந்தக் குழப்பம் வரும் என்பதால்தான் வேலையிடத்தில் எங்களை எண்ண விடுவதே இல்லை. "ரெடி, ஸ்டெடி, ஸ்டாண்ட்" என்றுதான் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் எழ வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தினமும் வார்டில் சொல்வதை, அக்கா முன்னால் நின்ற பதற்றத்தில் மறந்துபோனேன்.

அன்ரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் முதல்ல கதைச்சு முடிவெடுங்கோ. பிறகு என்னைத் தூக்குங்கோ" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேறு எதுவோ வந்தது. "மூன்று சொல்லும்போதா, சொன்ன பிறகா?" என்று அவர் கேட்டார். "சொல்லும்போதே" என்றேன். தூக்கினோம்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு செவ்வாய், வியாழன் மாலைகளில் ஷிப்ட் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குப் போனேன். முதல் மாதம் நோயைப் பற்றி மட்டும் பேசினோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அன்ரிக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குப் போனால் நிமோனியா வரும். அன்ரிக்குத் தண்ணீரில் பவுடர் கலந்து கொஞ்சம் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சாப்பாடு கட்டியில்லாமல் மசித்ததாக இருக்க வேண்டும். இந்தச் செய்தி தெரிந்ததும் இரண்டு சபையிலிருந்தும் சாப்பாடு வர ஆரம்பித்தது. நம் பக்கத்திலிருந்து இடியப்பமும் சொதியும், மீன் பொரியலும். அவர்கள் பக்கத்திலிருந்து புட்டு! ஸ்ட்ரோக் வந்தவருக்குப் புட்டு. உதிர்கிற சாப்பாடுதான் மிக ஆபத்தானது. எல்லாம் அன்போடு வந்தவைதான், அதில் சந்தேகமில்லை. ஒன்றையும் அன்ரியால் விழுங்க முடியாது. கொண்டுவந்தவர் மனம் நோகாமல் அக்காவும் நானும் சாப்பிட்டோம், எடையும் கூடினோம். பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கத்தாரையும் ஒரு குழுவில் சேர்த்து, எதை எப்படி மசிக்க வேண்டும் என்று படம் போட்டு அனுப்பினேன். பிரிவுக்குப் பிறகு இரண்டு சபையாரும் சேர்ந்திருந்த முதல் குழு அதுதான். அதில் யாரும் ஞானஸ்நானம் பற்றிப் பேசவில்லை. பருப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அன்ரி பழைய கதை சொன்னார். இலங்கையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், யாழ்ப்பாண ஆதீனம் எல்லாம் ஒரே சபையாக 1972-இல் சேர இருந்தன. பல வருடம் பேசி முடித்த திட்டம். கடைசியில் வழக்குப் போட்டதில் நின்றுபோனது. "சீலையெல்லாம் எடுத்து வைச்சிட்டம் பிள்ளை, கேஸ் போட்டு நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்றார். இருபத்தைந்து வயதில் உடுத்த வைத்த சேலையை எண்ணி, எழுபத்தேழு வயதிலும் வருத்தம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டதே! நான் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. எப்படிச் சேர்ந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

அதில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் வருகிறார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். அப்போது அவர் பேராயர்கூட இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை நினைவூட்டி, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பைக் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த மண்டபத்தில் கேட்டார். பலருக்குப் பிடிக்கவில்லை.

அந்த 13-ஆம் அதிகாரத்தை நாம் கலியாணத்தில்தான் வாசிக்கிறோம். மாப்பிள்ளையும் பெண்ணும் வெட்கப்பட்டு நிற்க, வீடியோக்காரர் சுற்றி வர. பவுல் அதை ஒரு தம்பதிக்கு எழுதவில்லை. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்து நின்ற ஒரு சபைக்கு எழுதினார். இரண்டு அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். கர்த்தருடைய பந்திக்கு வசதியுள்ளவர்கள் முதலில் வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அதற்குப் பவுல் சொல்லும் தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பந்தியில் எல்லோருக்கும் சோறு விழுந்து, ஐயர் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை கை வைக்கக்கூடாது. கறி மணம் மூக்கைத் துளைக்கும். கை வைத்த பையன் தலையில் குட்டு விழும்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் அசரியாவும் மற்றவர்களும் கூடினார்கள். இந்தப் பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மேல் வந்தவை என்று ஓர் அறிக்கை விட்டார்கள். பிறகு 28 வருடம் பேச்சுவார்த்தை. அசரியா 1945 ஜனவரி 1-ஆம் தேதி இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றான நாளை அவர் பார்க்கவில்லை.

அந்த 28 வருடத்தில் அவர்கள் தீர்க்க முடியாமல் திணறியது குருத்துவம் பற்றிய கேள்வி. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா? நம் ஞானஸ்நானச் சண்டை மாதிரியே. எப்படித் தாண்டினார்கள் என்று தேடினேன். தாண்டவில்லை! இருக்கிற போதகர்கள் யாருக்கும் மறுபடி அபிஷேகம் செய்வதில்லை, எல்லோரும் இந்தச் சபையின் போதகர்களே என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சபையார் மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ அவர்கள்மேல் திணிக்க மாட்டோம் என்று வாக்குறுதி எழுதி வைத்தார்கள். கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே வீட்டுக்குள் போனார்கள்.

அதை வாசித்தபோது அன்ரியின் சமையலறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த சாப்பாட்டு அட்டைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க வேண்டாம்.

1947-ஐப் பெரிதாகப் பேசுகிறேனே, அதனால் ஊரில் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். சாதி போகவில்லை. எங்கள் பக்கம் சபைத் தேர்தல் வந்தால் யார் யாருடைய ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பேசாமல் ஐக்கியம் என்று சொன்னால் வாய் கூசுகிறது. ஆனால் பாதியாவது செய்தார்களே என்று நினைக்கிறேன். நாம் ஒரு கடிதத்தில் உடைத்துவிட்டோம்.

கடிதம். அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் தொடர்ந்து காபி குடிக்க முடியவில்லை. போன லெந்து நாட்களில் ஒரு மாலை, அக்கா கேரட் மசித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அந்தக் கடிதத்தில் கடைசி வரி கமிட்டி சொன்னதில்லை. நான் சேர்த்தது" என்றேன். மிக்சியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தெரியும். உம்மட தமிழ் எனக்குத் தெரியாதே? கமிட்டியில வேற ஆர் 'நாற்காலி'யை 'இருக்கை' எண்டு எழுதுறது?"

மூன்று வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஞாயிறும் தன் அம்மாவை என் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "அப்பா மோசம் போன வருஷம் அது. இவர் தலைமை தேடுறார் எண்டு எழுதின கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசிச்சனான்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். உடனே மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "கரட் ஆறப்போகுது" என்றார். இரண்டு வாரம் கழித்து அவராகவே ஒரு செய்தி அனுப்பினார். அது எனக்கு மட்டும்.

உயிர்த்தெழுந்த ஞாயிறு கழிந்த வாரத்தில் அன்ரி வீட்டில் திருவிருந்து வேண்டும் என்று கேட்டார். அப்பம் வேண்டாம், கெட்டியாக்கிய திராட்சை ரசம் ஒரு கரண்டி மட்டும் கொடுக்கலாம் என்று பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டு வைத்தேன். நம் ஐயர் வந்தார். அவர்கள் போதகரையும் வரச் சொல்லி அன்ரியே போன் போட்டிருந்தார்; எங்கள் யாரிடமும் சொல்லவில்லை! இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து வானிலை பேசினார்கள். நம் ஐயர் ஜெபித்தார், அவர்கள் போதகர் வேதம் வாசித்தார். கரண்டி அக்காவின் கையில் இருந்தது. ஏனென்றால் அன்ரியின் முகவாயை எவ்வளவு தாழ்த்தினால் விழுங்குவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்த மாதம் 25-ஆம் தேதி ஞாயிறு, ஐக்கிய வாரத்தின் கடைசி நாள், இரண்டு சபையும் சேர்ந்து ஜெபிக்கிறோம். இரண்டும் ஒன்றாகப் போவதில்லை. அப்படி யாரும் பேசவும் இல்லை. ஞானஸ்நானத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. போன வாரம்கூட அக்காவும் நானும் அதில் சத்தம் போட்டுக்கொண்டோம், அன்ரி டி.வி. சத்தத்தைக் கூட்டினார். இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பேர் போடாட்டிச் சரி" என்றார்.

கூட்டம் அவர்களுடைய பள்ளி மண்டபத்தில், மாலை நாலு மணிக்கு. வாசலில் இரண்டு படி இருக்கிறது, சரிவுப்பாதை இல்லை. மடிக்கிற சரிவுப்பலகை ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். அன்ரியையும் சேர்த்து மூன்று பேர் சக்கர நாற்காலியில் வருகிறார்கள். மூன்றே முக்காலுக்கு வாசலில் நிற்க நம்மில் இரண்டு வாலிபரும் அவர்களில் இரண்டு வாலிபரும் வேண்டும். முந்தின சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தால் எப்படித் தள்ளுவது, எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருகிறேன். பெயரைப் பத்திரிகைத் தம்பியிடம் கொடுங்கள்.